ஒளிவுமறைவு அறியாத உத்தமர்

கொடை என்றால் பாரியைச் சொல்வார்கள். முல்லைக்கொடி படரக் கொழுகொம்பில்லாமல் தவித்ததைப் பார்த்துத் தேரை விட்டுவிட்டு நடந்தே போனானாம். பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அவனுடைய தேர். எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிற சார் அப்படிச் சின்னக் கணக்குப் பார்ப்பவர் அல்லர். தன் தேரையும் கொடுப்பார், மனைவியின் தேரையும் கொடுப்பார், மகள் இன்னும் ஏறியே பார்க்காத தேரையும் இப்போதே எடுத்துக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவர் யார் என்று கேட்கும் வழக்கமும் கிடையாது. ஃபேஸ்புக்கில் அவர் பதிவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டி உலக உருண்டை இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அர்த்தம். அதை 'ஃப்ரெண்ட்ஸ்' என்று சுருக்கும் அற்பப் புத்தி அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

போன ஜூனில் பள்ளி திறந்த அன்று அவர் போட்ட படத்தைப் பாருங்கள். மகள் புதுச் சீருடையில் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். டையில் பள்ளியின் சின்னம். கழுத்தில் அடையாள அட்டை. இப்போதெல்லாம் செல்போன் கேமராக்கள் அபாரம். திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தால் பெயர், வகுப்பு, பிரிவு, ரத்த வகை, வீட்டு முகவரி, அப்பாவின் மொபைல் எண் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. பின்னால் பள்ளி வேன், நம்பர் பிளேட்டோடு. '7.40க்கு டாண்ணு வேன் வந்துடும், அதுக்கு முன்னாடியே என் இளவரசி ரெடி' என்று மேலே ஒரு வரி. முன்பின் தெரியாத ஒருவன் ஒரு குழந்தையைப் பற்றி இவ்வளவையும் திரட்ட வேண்டுமென்றால், பாவம், எத்தனை நாள் தெருமுனை டீக்கடையில் காத்துக் கிடக்க வேண்டும்! அந்தச் சிரமத்தைச் சார் ஒரே படத்தில் தீர்த்துவைத்தார்.

கடவுச்சொல்லை யாருக்கும் சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மகளின் பெயரும் பிறந்த ஆண்டும் பிறந்தநாள் படங்களில் கேக்கின் மேலேயே எழுதியிருக்கின்றன. புதுக் கார் வாங்கினால் எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்பே பதிவெண் ஊருக்குத் தெரிந்துவிடும். விமானம் ஏறினால் போர்டிங் பாஸ் படம். அதிலுள்ள பெயரையும் பி.என்.ஆர். எண்ணையும் போட்டால் பல விமான நிறுவனங்களின் தளத்தில் பயண விவரம் திறந்துகொள்ளும். நல்ல மனசு உள்ளவர் யாராவது திரும்பி வரும் டிக்கெட்டைச் சரிபார்த்துக் கொடுக்கட்டுமே என்றுதான் விட்டுவைக்கிறார் போலும். 2021இல் தடுப்பூசிச் சான்றிதழைச் சமூக ஊடகங்களில் போடாதீர்கள் என்று மத்திய உள்துறையின் சைபர் பிரிவு எச்சரித்தது. சார் அதற்குள் இரண்டு டோஸுக்கும் போட்டு முடித்திருந்தார்.

வினாடி வினா என்றால் அவருக்கு உயிர். 'போன ஜென்மத்தில் நீங்கள் எந்த ராஜா?' என்று கேட்டால் போதும், முதல் பள்ளியின் பெயர், அம்மாவின் சொந்த ஊர், வளர்த்த நாயின் பெயர் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டு மகாராஜாவாகத் திரும்பி வருவார். இந்தக் குலத்துக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது ஃபேஸ்புக் நிறுவனமே ஒரு கணக்கைச் சொன்னது. ஆளுமையைக் கணித்துச் சொல்வதாக வந்த அந்த வினாடி வினா செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் வெறும் 335 பேர். அதை எங்கோ நிறுவிய நண்பர்கள் மூலமாகத் தகவல் போயிருக்கக்கூடிய இந்தியர்களோ 5 லட்சத்து 62 ஆயிரம் பேர். நிறுவியவர்களின் நண்பர்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த புண்ணியம். ஒரே ஒரு செயலியை நிறுவியே நண்பர்களை இவ்வளவு தானம் பண்ண முடிகிறது என்றால், எந்தச் செயலி கேட்டாலும் தொலைபேசித் தொடர்புகள் அத்தனைக்கும் 'அலவ்' அழுத்தும் நம் சார் எத்தனை பேருக்கு அறம் செய்திருப்பார்! அந்தப் பட்டியலில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா இருக்கிறார், பல் டாக்டர் இருக்கிறார், நானும் இருக்கிறேன். எங்களைக் கேட்டிருந்தால் ஒருவேளை யோசித்திருப்போம். அந்தத் தர்மசங்கடத்தை எங்களுக்கு வைக்கவில்லை.

இவரோடு ஒப்பிட்டால் மார்க் ஸக்கர்பெர்க் எவ்வளவு கஞ்சன் என்பது புரியும். 2013இல் பாலோ ஆல்டோவில் தன் வீட்டைச் சுற்றியிருந்த 4 வீடுகளை 3 கோடி டாலருக்குமேல் கொடுத்து வாங்கிப் போட்டார். பக்கத்தில் யாரும் வந்து எட்டிப்பார்த்துவிடக் கூடாதாம். 2016இல் அவரே வெளியிட்ட ஒரு படத்தில், பின்னால் மேசைமேல் இருந்த லேப்டாப்பின் கேமராவிலும் மைக்கிலும் டேப் ஒட்டியிருந்தது. 2023 ஜூலையில் இன்ஸ்டாகிராமில் குடும்பப் படம் போட்டார். மூத்த பெண்கள் இருவரின் முகத்தையும் எமோஜி வைத்து மறைத்துவிட்டார். இன்ஸ்டாகிராமின் முதலாளிக்கே இன்ஸ்டாகிராமில் தன் பிள்ளை முகத்தைக் காட்டக் கை வரவில்லை. நம் சாருக்கு வருகிறது. மனசு வேண்டும் சார் அதற்கு!

அதற்காக அவருடைய ஃபேஸ்புக் நிறுவனத்தைக் குறை சொல்லிவிட முடியாது. கொடுப்பவரை மதிக்கத் தெரிந்தவர்கள். கணக்கின் பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கிய தொலைபேசி எண்களைச் சும்மா கிடக்க விடாமல் விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொண்ட சிக்கனக்காரர்கள். அது உள்பட இன்னும் பல குற்றச்சாட்டுகளுக்காக 2019இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். சாரைப் போன்றவர்கள் இருக்கும்வரை அந்தப் பணத்தை மீட்டெடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

சட்டமும் தன் பங்குக்கு உதவுகிறது. எண்பது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயது நிரம்பாதவர்களின் தகவலை ஒரு நிறுவனம் கையாள வேண்டுமென்றால் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்கிறது அது. மகள் விஷயத்தில் அனுமதி தர வேண்டிய அந்தப் பெற்றோர் நம் சார்தான் என்பதால் சட்டத்துக்கு ஒரு குறையும் நேராது. தவிர, ஒருவர் தாமாகவே ஊரறிய வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. சாரின் பெருந்தன்மையை முன்கூட்டியே அறிந்து எழுதினாற்போல் இருக்கிறது.

வீட்டில்தான் அவரைப் புரிந்துகொள்ள ஆளில்லை. "என்னைக் கேக்காம என் போட்டோவைப் போடாதீங்க" என்று மனைவி ஒருநாள் சொல்லியிருக்கிறார். சார் அந்தச் சண்டையையே ஒரு சிரிப்பு எமோஜியோடு பதிவாக்கி, அதற்கும் மனைவியின் படத்தைப் போட்டார். மகள் அம்மாவைவிடக் கருமி. இரண்டு வயதில் துணியில்லாமல் வாளிக்குள் உட்கார்ந்து குளித்த படம் ஒன்று உண்டு. ஃபேஸ்புக் ஆண்டுதோறும் அதை ஞாபகமாக எடுத்து நீட்டுகிறது. சார் ஆண்டுதோறும் மறுபடி பகிர்கிறார். இந்த வருஷம் அது அவளுடைய ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. "அதை மட்டுமாவது எடுத்துடுங்கப்பா" என்று அழுதாளாம். "மூணு பேர் ஹார்ட் போட்டிருக்காங்க, எடுத்தா என்ன நினைப்பாங்க?" என்றாராம் சார். மற்றவர் மனம் நோகப் பொறுக்காதவர். பழைய பொதுப் பதிவுகள் அத்தனையையும் ஒரேயடியாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடும் வசதி ஒன்று செட்டிங்ஸில் இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் இன்னொரு படம் போட்டுவிடலாமே என்பது அவர் வாதம்.

வெளியூர் போவதென்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்பார்கள் போலீஸார். ஒரு நிலையத்துக்கு மட்டும் சொல்வது ஓரவஞ்சனை என்று கருதுபவர் நம் சார். இந்தப் பெருந்தகையை நேரில் கண்டு பொன்னாடை போர்த்த நினைக்கும் வாசகர்கள் தாராளமாக வரலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம். ஞாயிறு இரவுவரை குடும்பத்தோடு கொடைக்கானலில் இருக்கிறார். பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார். அவரே போட்டிருக்கிறார்.