பனியன் நகரமும் உலகச் சந்தையும்

கேள்வி: உலகமயமாக்கல் திருப்பூரின் சிறுதொழில்களை வாழவைத்ததா, வீழ்த்தியதா?

பதில்: பனியன் ஏறியது கப்பலில், சாயம் இறங்கியது நொய்யல் ஆற்றில். வளர்ந்த நாடுகள் ஒவ்வொரு நாட்டிடமிருந்தும் இவ்வளவு ஆடைதான் வாங்கலாம் என்று வரம்பிட்ட 'கோட்டா' முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தபோது, திருப்பூருக்குத் திறந்த அதே கதவு சீனாவுக்கும் வங்கதேசத்துக்கும் திறந்தது. பின்னல், சாயம், அச்சு, தையல் என ஒவ்வொரு படியையும் தனித்தனிச் சிறு பட்டறைகள் கூலிக்கு முடித்துத் தரும் 'ஜாப் ஒர்க்' ஏற்பாடே இந்தக் கொங்கு நகரத்தின் பெரும்பலம் என்றாலும், அயல்நாட்டு வணிகர் விலையைக் குறைத்துக் கேட்கும்போது அந்தச் சுமை ஏற்றுமதியாளரிடமே நின்றுவிடாமல் படிப்படியாக இறங்கி, நான்கு தையல் இயந்திரங்களை நம்பிப் பிழைப்பவரின் தலையில் வந்து விழுகிறது; இது அநீதி. சாயக் கழிவு கலந்த அந்த ஆற்றுக்கும் அதை நம்பிய உழவர்களுக்கும் நேர்ந்ததும் அநீதியே: கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாமல் முழுவதும் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. ஆக, ஊர் வளர்ந்தது உண்மை; அதற்கான விலையை அதிகம் கொடுத்தவர்கள் சிறுபட்டறைக்காரர்களும் நொய்யல் உழவர்களுமே. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்திய ஆடைகள் மீது அமெரிக்கா விதித்த 50 சதவீதக் கூடுதல் வரியின் சுமையும் அதே சிறு பட்டறைகளின் வாசலுக்குத்தான் வந்தது.