மண்சட்டியில் ஒரு பிறந்தநாள்

2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தாலும் அறிவித்தது, கம்பங்கூழுக்கு மண்சட்டியும் மரியாதையும் விலையும் சேர்ந்துகொண்டன. கோவையில் இப்போது பிறந்தநாள் விருந்தென்றால் இயற்கை உணவகம்தான். கருப்புக் கவுனிப் பாயசம், சாமைப் பொங்கல், கேழ்வரகு கேக். மெழுகுவத்தியை ஊன்றினால் கேக் வெடிப்பு விடுகிறது. சுவரில் இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வார் படம், அதன் கீழே கார்டு தேய்க்கும் இயந்திரம்.

கூழைக் குடித்தே வளர்ந்த ஆத்தா கேட்கிறார்: “ரேஷன் அரிசி வந்துதான் கண்ணு இதுல இருந்து தப்பிச்சோம். மறுபடியும் காசு குடுத்துக் குடிக்கோணுமா?”

கோலா கேட்ட பேரனுக்கு நன்னாரி சர்பத் வருகிறது. பில் வந்ததும் அப்பாவுக்குப் பசி அடங்குகிறது, மற்றவர்களுக்கு அடங்கவில்லை. திரும்பும் வழியில் பரோட்டாக் கடை. சால்னாவில் என்ன எண்ணெய் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.