மூச்சை நிறுத்த முடியாதே!

கேள்வி: மார்கழி மழையில் செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் வேனில் போனால் கண்ணாடியின் உட்புறம் ஆவி மூடிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், செங்கலடி

பதில்: ஏறியவர்களிடம் மூச்சு விடாதீர்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் மூச்சிலுள்ள ஈரத்தை வெளியே அனுப்பலாம். நனைந்த குடை, சாரம், கால்மிதி எல்லாவற்றின் ஈரமும் குளிர்ந்த கண்ணாடியில்தான் வந்து படியும். ஏசியைப் போடுங்கள், அது காற்றின் ஈரத்தைப் பிழிந்து வேனுக்கு அடியில் சொட்டவிடும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். பிபிலை தாண்டி மலையேறும்போது குளிர்ந்தால் சூட்டைக் கூட்டுங்கள், ஏசியை நிறுத்த வேண்டாம். கண்ணாடியின் உட்புறத்தில் அழுக்குப் படலம் இருந்தால் ஆவி இன்னும் மோசமாகப் பிடிக்கும். புறப்படுமுன் சுத்தமான துணியால் துடையுங்கள். வெளிப்புறம் மூடினால் கதை வேறு: ஏசிக் குளிரைக் குறைத்து, வைப்பரைப் போடுங்கள்.