வாட்டக் கணக்கு

டைல்ஸ் மேஸ்திரிகள் விலை சொல்ல வருவதில்லை. "சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன் சார்" என்றுதான் வருகிறார்கள். எங்கள் மேஸ்திரி அந்தப் பார்வைக்கே மூன்று நாள் வந்துகொண்டிருந்தார். போன் செய்தபோதெல்லாம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

குளியலறை வாசலில் நின்றதும் முதல் கேள்வி: "யாரு சார் இதப் போட்டது?" இதற்குப் பதில் சொல்லக் கூடாது, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். தனக்கு முன்னால் வந்தவனுக்கு வேலை தெரியாது என்பதில் எல்லா மேஸ்திரிகளும் ஒரே கட்சி.

பிறகு குந்தி உட்கார்ந்து, இரண்டு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். பலாப்பழம் வாங்குகிறவர் முகம். 'ணங்' என்றால் அடுத்ததுக்குப் போனார். 'டொப்' என்றால் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடியில கலவையே இல்ல சார், காத்துதான்."

நானும் தயாராகத்தான் இருந்தேன். ஐந்துக்கு ஏழு, 35 சதுர அடி. பக்கத்து வீட்டு ஹாலுக்குச் சதுர அடிக்கு 40 ரூபாய் கூலி என்று கேள்வி. "1,400 ஆகுமா?"

மேஸ்திரி கோபப்படவில்லை. கூட வந்த சித்தாளைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஹால்ல முழுக் கல்லா வச்சிட்டே போயிருவேன். இங்க முழுக் கல்லு எத்தன விழும்? கதவு மூலைல கட்டிங், கம்மோடைச் சுத்தி கட்டிங், நகானிக்கு நாலு பக்கமும் கட்டிங்."

விரல் மடங்க ஆரம்பித்தது. பழைய கல்லைக் கொத்தி எடுக்க ஒரு நாள். ரப்பிஷை மூட்டை கட்டி இரண்டு மாடி இறக்க வேண்டும். வாட்டர் ப்ரூஃப் அடித்துக் காய்ந்ததும், நகானியை, அதாவது தண்ணீர் இறங்கும் வாயை, அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்ட வேண்டும். அன்றைக்கு வேலை அவருக்கில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கு. கல் பதித்தபின் ஒரு நாள் மிதிக்கக் கூடாது. ஜாயின்ட் அடைக்க இன்னொரு நடை.

"பழைய கல்லு மேலயே ஒட்டிட்டா?" என்றேன். அவர் பேசாமல் கதவைச் சாத்தித் திறந்தார். அடியில் அட்டை நுழையும் இடைவெளி கூட இல்லை.

"சதுர அடிக் கணக்கெல்லாம் ஹாலுக்கு சார். பாத்ரூமுக்கு வாட்டக் கணக்கு. நான் வாட்டம் வச்சா நீங்க வைப்பரே வாங்க வேணாம்."

கூலி மட்டும் 9,000. என் மனைவி ஐந்து நிமிடத்தில் 8,500 ஆக்கினாள். "தங்கச்சி கேட்டா தட்ட முடியுமா?" என்றார். அந்த ஐந்நூறு, வீட்டுக்கு வீடு தங்கச்சி இருப்பாள் என்று முன்னாலேயே ஏற்றிவைத்த ஐந்நூறு என்பது என் சந்தேகம்.

ஓரடிக் கல், சொரசொரப்பு வகை, 45 வாங்கச் சொன்னார். 35 சதுர அடிக்கு 45 எதற்கு? "வெட்டுல உடையும். மிச்சத்தப் பரண்ல போடுங்க. பின்னாடி ஒண்ணு விரிஞ்சா இதே கலர் கிடைக்காது." எங்கள் பரணில் ஏற்கெனவே எட்டுக் கல் இருந்தது, இப்போது கொத்தி எடுக்கப்போகும் பழைய தரைக்கு.

வேலை நாளில் ஆள் வேறு. பேச்சு நின்றுவிட்டது. கதவிலிருந்து நகானிக்கு நூல் கட்டி, அடிக்குக் கால் அங்குலம் இறக்கினார். ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வராமல் பார்த்துக்கொண்டார். ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு, கரணை நுனியால் ஒரு சுரண்டல், மறுபடி தட்டு. ஒரே கல்லை மூன்று முறை தூக்கி வைத்தபோது, 1,400 என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி நாள் எல்லோரையும் கூப்பிட்டு வாசலோரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் ஒழுங்காகப் போனது. நகானிக்கு ஒரு சாண் இருக்கும்போது, அதில் கொஞ்சம் கம்மோடு பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டது. நாங்களும் நின்றோம்.

"புதுத் தரை சார்," என்றார் மேஸ்திரி. "தண்ணிக்கு வழி பழகணும்."

சித்தாள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி செருப்பை மாட்டினாள். வைப்பர் விற்கும் கடை தெருமுனையில்தான்.