அக்னி மூலையில் ஒரு தட்டு

கேள்வி: அம்மாவின் பழைய குண்டு டிவி நன்றாகத்தான் இருக்கிறது. மாதக் கட்டணம் இல்லாமல் அதில் டிஜிட்டல் சேனல்கள் வருமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: தாராளமாக வரும். டிவியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை. தட்டுக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் ஒருமுறை செலவழித்தால் போதும், மாதச் சந்தா கிடையாது.

சிக்னல் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அது கிழக்கே 93.5 டிகிரியில் நிற்பதால், சென்னை மாடியில் தட்டு தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். அதாவது அக்னி மூலை! வாஸ்துப்படி அடுப்புக்கு உரிய இடத்தில் உங்கள் வீட்டில் செய்தியும் சூடாக வரும். செயற்கைக்கோள் வானில் ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் இருப்பதால் பக்கத்து அடுக்குமாடி பெரும்பாலும் மறைக்காது. கிட்டத்தில் இருக்கும் தென்னை மரம்தான் மறைக்கும்.

பாக்ஸ் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனால், எச்டிஎம்ஐ மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளைகள் இருக்க வேண்டும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. டிவியில் ஆன்டெனா துளை மட்டும் இருந்தால், நடுவில் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சிறு பெட்டி வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: இதில் இந்திச் சேனல்கள்தான் அதிகம். அம்மா தனியார் தமிழ்த் தொடர்களின் ரசிகை என்றால் ஏமாற்றம்தான். ஆனால் பழைய பொதிகை, இப்போதைய டிடி தமிழ், நிச்சயம் வரும்.