ஸ்னோவுக்கு ட்ரக் கேக்கிற மருமோனுக்கு

மருமோன், நீ பெரிய ட்ரக் ஒண்டு வாங்கப் போறாய் எண்டு கேள்வி. சந்தோசம். ஸ்காபரோவிலை வீட்டு விலை ஏறிப்போச்செண்டு பாரிப் பக்கம் குடிபோனாய். அங்கை ஸ்னோ கொட்டுது. ஆகவே எஃப்-250 வேணும். கணக்குச் சரியாய்த்தான் கிடக்கு. எனக்கு ஒரேயொரு சந்தேகம். உந்த ஸ்னோ நீ குடிபோன முதல் வருசமும் கொட்டினது. அப்ப உனக்கு ட்ரக் தேவைப்படேல்லை. உன்ர சகலன் ராம் 2500 வாங்கின கிழமையிலை இருந்துதான் பாரியிலை ஸ்னோ கூடிப்போச்சு. காலநிலை ஆராய்ச்சிக்காரர் இதை இன்னும் கவனிக்கேல்லைப் போலை.

ஸ்னோ பொய்யெண்டு நான் சொல்லேல்லை. ரொரன்ரோக்காரர் 1999 தை மாசம் மேயர் மெல் லாஸ்ற்மன் ஸ்னோவுக்கு ஆமியைக் கூப்பிட்ட கதையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டு இருக்கினம். மிச்சக் கனடா அதைக் கேட்டு இன்னும் சிரிச்சுக்கொண்டு இருக்குது. உன்ர பக்கம் வேறை மாதிரி. ஜோர்ஜியன் பேத் தண்ணி உறையாமல் கிடக்கேக்கை வடமேற்கிலையிருந்து குளிர்க் காத்து அதுக்கு மேலாலை வரும். தண்ணியின்ர சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வந்து கரையிலை கொட்டும். 2024 கார்த்திகைக் கடைசியிலை கிரேவன்ஹர்ஸ்ற் பக்கம் ஒரு மீற்றருக்கு மேலை அப்பிடித்தான் கொட்டினது. சரி, அண்டைக்கு என்ன நடந்தது? 11ஆம் நெடுஞ்சாலையை மூடிப்போட்டாங்கள். ரோட்டை மூடினால் பெரிய ட்ரக்கும் சின்னக் காரும் ஒரே இடத்திலைதான் நிக்கும். வீட்டிலை.

இப்ப ஷோரூமுக்கு வருவம். விக்கிற பெடியன் நல்ல பெடியன், கோப்பி தருவான், நாலு சில்லும் இழுக்கும் எண்டு சொல்லுவான். மெய்தான். நாலு சில்லும் இழுத்தால் வெளிக்கிடலாம், ஏத்தத்திலை ஏறலாம். ஆனால் நிப்பாட்டிறது? பிறேக் உன்ர பழைய கொறொலாவுக்கும் நாலு சில்லிலைதான் இருக்குது. ஐஸிலை மூண்டு தொன்னை நிப்பாட்டிறது ஒண்டரைத் தொன்னை நிப்பாட்டிறதிலும் லேசு எண்டு ஆரும் சொன்னால், அவனட்டைக் கோப்பியைக் குடிச்சிட்டு எழும்பி வா. பெரிய ஸ்னோவுக்கு அடுத்த நாள் 400ஆம் நெடுஞ்சாலையிலை போகேக்கை பள்ளத்துக்குள்ளை கிடக்கிறதையும் ஒருக்காப் பார். சின்னக் கார் மட்டுமோ கிடக்குது?

இன்னொண்டு பெடியன் சொல்லமாட்டான். உந்தப் பெரிய ட்ரக்குகளிலை கனக்க, நாலு சில்லு இழுவையை வேணுமெண்டேக்கை மட்டும் போடுற வகை. காய்ஞ்ச ரோட்டிலை அதைப் போட்டு ஓடினால் வளைவிலை சில்லுகள் ஒண்டோடை ஒண்டு மல்லுக்கட்டும், உள்ளுக்கு இருக்கிற பல்லுச்சக்கரம் தேயும். ஒன்ராறியோவிலை ஸ்னோ கொட்டி முடிய முதலே உப்புப் போட்டு ரோட்டைக் கறுப்பாக்கிப் போடுவாங்கள். ஆனபடியால் மாரியிலை முக்கால்வாசி நாள் நீ ஓடப்போறது பின் சில்லு ரெண்டும் மட்டும் இழுக்கிற வண்டி. அதுவும் பின்பக்கம் பாரமில்லாமல். நான் கிளிநொச்சியிலை உழவு மிசின் ஓட்டினனான், மருமோன். நெல்லு மூட்டை ஏத்தின பெட்டி பின்னாலை அடக்கமாய் வரும். வெறும் பெட்டிதான் குண்டும் குழியும் எங்கை எண்டு பாத்துத் துள்ளும். உன்ர ட்ரக்கின்ர பாரம் முழுக்க முன்னுக்கு, எஞ்சினிலை. பின்னுக்கு வெறும் தகரம். அனுபவப்பட்ட ஆக்கள் என்ன செய்வினம் தெரியுமோ? மண் மூட்டை வாங்கி, பின் அச்சுக்கு நேர் மேலை அடுக்கி, வழுக்காமல் கட்டி வைப்பினம். ஸ்னோவுக்கெண்டு மூண்டு தொன் வண்டி வாங்கி, அதுக்குப் பாரம் காணாதெண்டு மண்ணும் காசு குடுத்து வாங்கிற கெட்டித்தனம் எங்கடை சகலன்மாருக்குத்தான் வரும்.

ஹெவி டியூட்டி எண்டால் ஸ்னோவுக்குக் கெட்டி எண்டு அர்த்தமில்லை. பாரத்துக்குக் கெட்டி. தடிச்ச ஸ்பிரிங், தடிச்ச அச்சு, தடிச்ச ரயர். நல்ல பாரம் ஏத்தினால்தான் அந்த ஸ்பிரிங் மெல்ல மடங்கி மரியாதையாய் நடக்கும். வெறுமையாய் ஓடினால் பாரி ரோட்டிலை இருக்கிற ஒவ்வொரு குழியும் உன்ர நாரிக்கு நேரே வந்து சுகம் விசாரிக்கும்.

எங்கை ஓடப்போறாய் எண்டும் கேட்டனான், உன்ர கொம்மா சொன்னவ. காலமை பாரி சவுத் ஸ்ரேசன் மட்டும். அங்கையிருந்து கோ ட்ரெயின். பின்னேரம் திரும்ப வீடு. இதுக்கு நீ பாக்கிறது டீசல் எஞ்சின்; அதுக்கு மட்டும் பத்தாயிரம் டொலருக்கு மேலை கூட. பெரிய டீசல் எஞ்சின் குளிரிலை சூடாக நேரம் எடுக்கும், மருமோன். அது சூடாக வெளிக்கிடேக்கை நீ ட்ரெயினிலை ஏறியிருப்பாய். புகையிலை வாற கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒண்டு இருக்குது. நெடுக ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிஞ்சு துப்பரவாகும். பத்து நிமிச ஓட்டத்திலை அடைக்கும். புகையைத் துப்பரவாக்க டெஃப் எண்டு இன்னொரு தண்ணி ஊத்த வேணும். அது மைனஸ் 11 பாகையிலை உறையும். அதை உருக்க ராங்கிக்குள்ளையே ஹீற்றர் வைச்சிருக்கிறாங்கள். கடுங்குளிர் இரவிலை எஞ்சினுக்கும் ப்ளொக் ஹீற்றர் கொழுவ வேணும். வீட்டுக்குள்ளை ஹீற்றரை நிப்பாட்டச் சொல்லி மனிசியோடை சண்டை பிடிக்கிற நீ, வெளியிலை நிக்கிற எஞ்சினுக்கு விடியவிடியக் கறண்ட் குடுக்கப் போறாய்.

எங்கை நிப்பாட்டப் போறாய் எண்டும் யோசி. நாலு கதவு எஃப்-250 கட்டைப் பெட்டியோடையே 6.35 மீற்றர் நீளம். உன்ர கராஜ் ஆறு மீற்றர் இருந்தால் பெரிசு. வண்டி வெளியிலை நிக்கும், ஸ்னோ அதுக்கு மேலை நிக்கும், காலமை நீ ஏணி வைச்சுக் கூரையைக் கூட்டுவாய். ரொரன்ரோவுக்குச் சாமத்தியவீட்டுக்கு வந்தாலும் சோதினைதான். நகரச் சட்டத்திலை ஒரு பார்க்கிங் இடத்துக்குச் சொல்லுற ஆகக் குறைஞ்ச அளவு 5.6 மீற்றர் நீளம், 2 மீற்றர் உயரம். நிலக்கீழ் வாசலிலை தொங்கிற மஞ்சள் தடி உன்ர கூரையைத் தடவிப் பாத்து, எங்கை ராசா போறாய் எண்டு கேக்கும்.

எரிபொருள் எவ்வளவு குடிக்கும் எண்டு கண்ணாடியிலை ஒட்டியிருக்கிற தாளைப் பாத்துத் தேடாதை. முழுப் பாரத்தோடை 3,856 கிலோ தாண்டுற வண்டிக்கு அந்தத் தாள் ஒட்டத் தேவையில்லை. நான் சொல்லுறன்: நூறு கிலோமீற்றருக்கு 15 தொடக்கம் 20 லீற்றர் எண்டு வைச்சுக்கொள். அதே எல்லையாலை இன்னொரு வசதியும் இருக்குது. 2022 புரட்டாதியிலை இருந்து லட்சம் டொலருக்கு மேலை போற காருக்கு ஆடம்பர வரி. உந்த ட்ரக் அந்தப் பார எல்லைக்கு அங்காலை நிக்கிறபடியால் வரி இல்லை. அரசாங்கம் பாவம், இதை உழைக்கிற ஆக்கள்தான் வாங்குவினம் எண்டு நம்பிப்போட்டுது.

"ஸ்னோ தள்ளுற பிளவ் பூட்டி உழைப்பன், அம்மான்" எண்டு சொல்லுவாய். சொல்லு, கேக்கிறன். பிளவ் மட்டும் முன்னூறு, நானூறு கிலோ. டீசல் எஞ்சினின்ர பாரமும் அந்த முன் அச்சிலைதான். அதாலைதான் பிளவ் ஓடுற கன பேர் பெற்றோல் எஞ்சின் எடுக்கிறவை. 4,500 கிலோவுக்கு மேலை பதிஞ்ச வண்டியிலை தொழில் செய்தால் ஒன்ராறியோவிலை சி.வி.ஓ.ஆர். எண்டு தொழில் வண்டிப் பதிவு வேணும், தொழில் இன்சூரன்ஸ் வேணும். எல்லாத்துக்கும் மேலாலை, சாமம் மூண்டு மணிக்கு எழும்ப வேணும். எட்டு மணிக்கு எழும்பவே உன்னை ரெண்டு தரம் கூப்பிட வேணும் எண்டு உன்ர மாமியார் சொன்னவ.

எல்லாருக்கும் வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. மஸ்கோக்காவிலை வீடு கட்டுறவன், சின்னக் கிண்டுற மிசினை இழுத்துக்கொண்டு திரியிறவன், குதிரைப் பெட்டி இழுக்கிறவன், பத்து டிரைவ்வே துப்பரவாக்கிற ஒப்பந்தக்காரன், அவையளுக்கு உது எடுப்பில்லை, சாப்பாடு. உன்ர பாரத்தை நீ ஒரு கடுதாசியிலை எழுது. வாரத்திலை என்ன ஏத்துறாய், என்ன இழுக்கிறாய். ரெண்டு ஸ்னோமொபீல் எண்டால் ட்ரெயிலரோடை சேத்தும் ஒரு தொன் வரைக்கும்தான். எஃப்-150 போலை, அரைத் தொன் எண்டு பேர் சொல்லுற ஒரு ட்ரக் அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டு இழுக்கும். கடுதாசியிலை "கொஸ்ற்கோ அரிசி மூட்டை" எண்டு மட்டும் கிடந்தால், கடுதாசியைக் கிழி. மனிசி காண முதல்.

ட்ரக் வாங்கினவனுக்கு வாற ரெலிபோனையும் கணக்கிலை சேர். கோயிலுக்கு ஜெனரேற்றர் ஏத்த வேணும். கலியாணத்துக்கு மணவறை ஏத்த வேணும். ஆரோ வீடு மாறுகினம், "தம்பி, ஒரு ஓட்டம்தான்." எண்ணெய்க் காசு தருவம் எண்டு சொல்லுவினம், தேத்தண்ணி தருவினம். எங்கடை நிலவறையிலையும் பழைய சோபா ஒண்டு கிடக்கு. நான் ஒண்டும் சொல்லேல்லை, சும்மா கிடக்கு எண்டுதான் சொன்னன்.

இனி என்ர தீர்ப்பு. முதல் காசு ரயருக்கு. ஏழு பாகைக்குக் கீழை சாதாரண ரயரின்ர றப்பர் இறுகிப்போகும். மாரி ரயர் மெத்தெண்டு ரோட்டைப் பிடிக்கும். பக்கத்திலை மூண்டு முடி மலையும் அதுக்குள்ளை பனிப்பூவும் கீறியிருக்கும், அதைப் பாத்து வாங்கு. கியூபெக்கிலை மார்கழி 1 தொடக்கம் பங்குனி 15 வரைக்கும் அது இல்லாமல் கார் ஓட ஏலாது. ஒன்ராறியோவிலை கட்டாயமில்லை, ஆனால் 2016இலை இருந்து இன்சூரன்ஸ்காரர் அதுக்குக் கழிவு குடுக்க வேணும் எண்டு விதி, கேட்டு வாங்கு. லட்சம் டொலருக்கு ட்ரக் எடுத்துப்போட்டு மாரி ரயர் விலையெண்டு முகம் சுழிக்கிறவங்களை நான் கண்டிருக்கிறன். ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதை.

ரெண்டாவது காசு டிரைவ்வே தள்ளுற பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு. மூண்டாவது, வருசத்திலை ரெண்டு தரம் பாரம் ஏத்த வேண்டி வந்தால் ஒரு நாளைக்கு ட்ரக் வாடகைக்கு. இவ்வளவும் செய்து ஒரு மாரி போகட்டும். பங்குனியிலையும் உன்ர கடுதாசி நிறையப் பாரம் இருந்தால் வா, நானே கூட வந்து பேரம் பேசி எடுத்துத் தாறன். பாரம் இருந்தால் ட்ரக், ஸ்னோ மட்டும் எண்டால் நாலு ரயர், சகலனுக்காக எண்டால் எது வாங்கினாலும் காணாது.

இதை வாசிக்கிற மற்றப் பிள்ளையளுக்கும் அதுதான். ஐப்பசி முடிய முதல் ரயர்க் கடைக்கு ரெலிபோன் எடுங்கோ. முதல் ஸ்னோ விழுந்த அண்டைக்கு எடுத்தால், ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ எண்டுதான் சொல்லுவாங்கள்.