முத்துப் பெட்டியும் சதுர அடைப்பும்: சாவியால் மதிப்பெடுத்தல் குறித்து

மன்னார் வளைகுடாவில் முத்தைத் தரம் பிரிக்கப் பயன்பட்ட பித்தளைச் சல்லடைக்குப் பெட்டி என்று பெயர். வியாபாரிகள் வைத்திருந்த பத்துப் பெட்டிகளுக்கும் துளைகளின் எண்ணிக்கையே அடையாளம்: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளை கூடக் கூட அதன் வாய் சிறுக்கும். நன்றாகக் குலுக்கியும் இருபதில் தங்கியது இருபதாம் பெட்டி முத்து. விழுந்தது முப்பதுக்குப் போகும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பின் இப்பெட்டிகள் இணையப்பக்க டெம்ப்ளேட்டுக்குள் குடியேறியதை ஆய்வுலகம் கவனிக்கத் தவறியது.

நிரலாளர் அர்ரே என்பதும் இத்தகைய அடுக்கே. இருபதாம் பெட்டி வரிசையில் முதலாவது. ஆனாலும் அதை ‘ஒன்றாம் பெட்டி’ என்று கேட்டால் கடையில் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். பிஎச்பி என்னும் நிரல்மொழியும் தராது. பெட்டிகள்[0] என்றால் வெறுமை, பெட்டிகள்[20] என்றால் முத்து. 20 என்பது இங்கே இடமன்று, சாவி.

சாவியை நுழைக்கும் முறையில்தான் குழப்பம் மிகுதி. ட்விக் டெம்ப்ளேட்டில் ‘எண்’ என்னும் மாறியில் 50 இருப்பதாகக் கொள்வோம். பெட்டிகள்[எண்] ஐம்பதாம் பெட்டியைத் திறக்கும். பெட்டிகள்.எண் என்று புள்ளி வைத்தாலோ, ‘எண்’ என்றே பெயர் பொறித்த பெட்டியைத் தேடும். அப்படியொரு பெட்டி எந்தப் பட்டறையிலும் அடிக்கப்படவில்லை. ஜாங்கோ டெம்ப்ளேட்டில் சதுர அடைப்பே கிடையாது. மாறியைச் சாவியாக்க விரும்புவோர் சொந்தமாக ஒரு வடிகட்டி எழுதிக்கொள்ள வேண்டும். சல்லடையோடு பழகிய கடலோரத்துக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது.

இல்லாத சாவியை, எடுத்துக்காட்டாக 40ஐ, கேட்டால் ட்விக் இயல்பாக ஒன்றும் அச்சிடாமல் நகர்ந்துவிடும். கண்டிப்பு முறையை இயக்கியிருந்தால் பிழை காட்டி நிற்கும். பலர் டீஃபால்ட் வடிகட்டியைச் சேர்த்து, ‘இல்லையேல் தூள்’ என்று எழுதிவைப்பர். தூள் என்பது மிகப் பொடியான முத்து. நாற்பது துளைக்குத் தகுந்த முத்தோ முப்பதில் விழுந்து ஐம்பதில் பத்திரமாக இருக்கும். டெம்ப்ளேட்டின் அவசரத்தால் அந்த நல்ல முத்து தூள் விலைக்குப் போகிறது. பிழை காட்டுவதே மேல்.

இரண்டு அடுக்குகளைச் சேர்ப்பது தனிக்கலை. பிஎச்பியின் ‘அர்ரே மெர்ஜ்’ எண் சாவிகளை மதிப்பதில்லை. எல்லாவற்றையும் அழித்து 0, 1, 2 என்று புதிதாக எண்ணிடும். ஆயிரத்தின் முத்தும் இருபதின் முத்தும் தத்தம் பெயரிழந்து நிற்கும். கூட்டல் குறி சாவிகளைக் காப்பாற்றும். ஆனால் ஒரே சாவி இருபுறமும் இருந்தால் இடப்பக்கத்தது நிலைக்கும், வலப்பக்கத்தது மறையும். தூத்துக்குடிப் பெட்டிகளோடு மன்னார்ப் பெட்டிகளை இப்படிக் கூட்டினால் மன்னாரின் பத்துப் பெட்டி முத்தும் போய்விடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது.